குடை மான்கள்

மார்ச் 4

அக்கா,

போன வியாழக்கிழமை பொழுது சாயும் நேரத்தில், புறவழிச் சாலையில் கல்குவாரியைத் தாண்டியதும் நம் முட்டை வண்டி சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் கவிழ்ந்தது. ஓட்டியவர் நத்தை. மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

நத்தையை உனக்குத் தெரியும். நீ வீடு மாற்றியபோது உன் பீரோவைக் கீறல் படாமல் இறக்கிவைத்தவர். வண்டியை மெதுவாக ஓட்டுகிறார் என்று மற்ற டிரைவர்கள் வைத்த பெயர் அது. கடைசியில் அவர் வீட்டிலேயே அப்படித்தான் கூப்பிட்டார்கள். பண்ணையிலிருந்து குடோனுக்கு அவர் கொண்டுவரும் அட்டைகளில் உடைந்த முட்டையைத் தேடினாலும் கிடைக்காது. அந்த மனிதர் வேகமாக ஓட்டினார் என்று யாராவது சொன்னால் என் குடோன் பூனைகூடச் சிரிக்கும்.

நினைவு இருந்த கொஞ்ச நேரத்தில் அவர் மனைவியிடம் சொன்னது இதுதான்: "மான் ஒண்ணு குறுக்க வந்துச்சு. பெரிசு. அடிச்சிடக் கூடாதுன்னு வண்டியை ஒடிச்சேன்." மான்மேல் வண்டி படவில்லை. அதனால் ரத்தம் இல்லை, மயிர் இல்லை, சாட்சியும் இல்லை.

நிவாரண அலுவலகத்துக்குப் போனேன். காட்டு விலங்கால் சாவு நேர்ந்தால் குடும்பத்துக்கு ஒரு தொகை உண்டு என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும். அங்கிருந்த அதிகாரி சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். கடமான் எங்கெங்கே இருக்கிறது என்று பச்சை அடித்த படம். குவாரிப் பக்கம் வெள்ளை. "இந்தப் பக்கம் மானே கிடையாதுங்க. டிரைவர் அசந்திருப்பாரு" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. 'ஓட்டுநர் உறங்கியதால்' என்று எழுதியும் விட்டார். படத்தின் கீழ்மூலையில், தயாரித்தவர் என்ற இடத்தில், உன் பெயர்.

போன வருஷத்திலிருந்து நாம் பேசிக்கொள்வதில்லை. நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நான் கத்துவேன். ஆகவே எழுதுகிறேன். அந்த வெள்ளையைப் பச்சையாக்கு. வேறு எதுவும் கேட்கவில்லை.

தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

உன் கடிதத்தை எங்கள் கணக்கெடுப்பு முகாம் வாசலில் நின்றபடியே படித்தேன். பிறகு உள்ளே போய் உட்கார்ந்து மறுபடி படித்தேன். நத்தையின் மனைவிக்கு ஒரு வரி எழுத நினைத்து, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். நீ நேரில் பார்க்கும்போது சொல்.

நீ கேட்டதைச் செய்ய முடியாது. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்திருக்கிறோம். ஒவ்வொரு சதுரத்திலும் முன்கூட்டியே வகுத்த ஒரு கோடு. எங்கள் ஆட்கள் பருவத்துக்குப் பருவம் அதே கோட்டில் நடந்து, கண்ட மானையும் புழுக்கையையும் குளம்படியையும் குறிக்கிறார்கள். மான் இருக்கும் என்று தோன்றுகிற இடத்துக்கு அவர்கள் போவதில்லை. கோடு போகிற இடத்துக்குத்தான் போகிறார்கள். அந்த வேலையின் நேர்மையே அதுதான். குவாரிச் சதுரத்தில் பலமுறை நடந்தார்கள். ஒன்றும் இல்லை. உனக்காக நான் பச்சை அடித்தால், நாளை இன்னொருவர் தன் நிலத்துக்கு வெள்ளை அடிக்கச் சொல்வார். அவருக்கும் ஒரு அக்கா இருப்பாள்.

தற்செயலாகப் பார்ப்பவர்கள் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று போன வருஷம் நான்தான் உன்னிடம் வந்தேன். உன் டிரைவர்கள் தினமும் போகும் சாலைகள் எங்கள் கோடுகள் தொடாதவை. "பார்த்தால் எழுதித் தரச் சொல்" என்றேன். நீயோ என்னைக் கேட்காமல் சீட்டுக்கு ஒரு குடை என்று அறிவித்தாய். கட்டுக் கட்டாகச் சீட்டு வந்தது. காது கிழிந்த ஒரே மானின் போட்டோவை ஐந்து பேர் ஐந்து இடத்தில் எடுத்ததாகக் கொடுத்தார்கள். கடைத்தெரு நடுவில் ஒரு மான் நின்றதாக ஒரு சீட்டு. எங்கள் துறைத் தலைவர் அதை எல்லோர் முன்னாலும் உரக்க வாசித்தார். நான் கட்டு முழுவதையும் ஒதுக்கிவைத்தேன். உனக்கு எழுதிய கடிதம் கடுமையாக இருந்தது தெரியும். அதில் ஒரு வரியையும் மாற்ற எண்ணமில்லை.

இன்னொன்று. இதை உன்னிடம் சொல்லவேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. குழியைச் சுற்றி வேலி இருப்பதால் குவாரிச் சதுரத்துக் கோடு ஓரத்தோடு திரும்பிவிடுகிறது. நடந்ததெல்லாம் காலை வேளையில். அந்தக் குழியில் இப்போது தண்ணீர் நிற்கிறதா என்று எனக்குத் தெரியாது.

அக்கா


மார்ச் 15

அக்கா,

தண்ணீர் நிற்கிறது. உன் கடிதத்தைப் படித்த கையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். போன மழையில் நிறைந்தது இன்னும் வற்றவில்லை. வேலி பேருக்குத்தான் இருக்கிறது. ஒரு பக்கம் கம்பியையே கழற்றி விற்றுவிட்டார்கள்.

உன் ஆட்கள் காலையில் தண்ணீரை விட்டுத் தள்ளி நடந்தார்கள். என் ஆட்கள் சாயங்காலம் தண்ணீர் ஓரமாக வண்டி ஓட்டினார்கள். என் குடோனுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து, கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் முட்டையே விற்பதில்லை என்று எழுதிக்கொண்டு போவதுபோல் இருக்கிறது நீ செய்தது.

குடை விஷயத்துக்கு வருகிறேன். நான் வியாபாரி. யாரும் எதையும் சும்மா செய்யமாட்டார்கள் என்பது நான் அடிபட்டுக் கற்றது. நீ அபூர்வமாக என்னிடம் ஒன்று கேட்டாய். அள்ளிக் கொடுக்க நினைத்தேன். எவ்வளவு வந்தால் உனக்கு நல்லது என்று யோசித்தேனே தவிர, எது வந்தால் நல்லது என்று யோசிக்கவில்லை. உன் தலைவர் எல்லோர் முன்னாலும் வாசித்தார் என்பதை நீ இப்போதுதான் சொல்கிறாய். அன்றைக்கே சொல்லியிருந்தால் நேரில் வந்திருப்பேன்.

நேற்று ரேடியோவைக் கூப்பிட்டேன். அவனும் என் டிரைவர்தான். வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். "போன வருஷம் மான் சீட்டு எழுதிக் குடுத்தீங்களே, அதுல எவ்வளவுடா நிஜம்?" என்றேன்.

"எந்த மானைக் கேக்கிறீங்க முதலாளி? பாத்த மானா, குடை மானா?"

அவர்களுக்குள் பெயரே வைத்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டு சொன்னவன் பாதியில் நிறுத்திவிட்டான். "குவாரிகிட்ட நெசமாவே இருக்கு முதலாளி. நத்தையும் பாத்தாரு. சீட்டு எழுதிக் குடுத்துட்டு, குடை மட்டும் வேணாம்னுட்டாரு. வீட்ல ஏற்கெனவே ரெண்டு கெடக்குதுன்னாரு."

அப்படியானால் நத்தை கைப்பட எழுதிய சீட்டு உன்னிடம் இருக்கிறது. நீ ஒதுக்கிவைத்த கட்டில்.

முட்டையை விளக்குக்கு முன்னால் பிடித்தால் உள்ளே கெட்டிருப்பது தெரிந்துவிடும். ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். நாற்றம் வருகிறது என்று கூடையோடு கொட்டுகிறவன் இந்தத் தொழிலில் நிற்கமுடியாது. கெட்டதை நான் பிரித்து எடுத்தால் மீதியை நீ வாங்கிக்கொள்வாயா, மாட்டாயா?

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

கட்டை அவிழ்த்தேன். நத்தையின் சீட்டு இருக்கிறது. "கல்குவாரி தாண்டி இடது கைப் பக்கம். மூன்று உருப்படி. ஒன்று குட்டி. வண்டியை நிறுத்தி வழிவிட்டேன்."

அதற்கு நேர் மேலே இருந்தது கடைத்தெரு மான். இரண்டும் ஒரே அளவுத் தாள், ஒரே நீல மை. எழுதியவர் இறந்துவிட்டார் என்பதற்காக ஒன்றை நம்பி இன்னொன்றைத் தள்ள எனக்கு வழியில்லை. இப்படி எழுதுவது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் வேறு விதமாக எழுதினால், நிவாரண அதிகாரி கேட்கும் முதல் கேள்விக்கே உட்கார்ந்துவிடுவேன்.

நீ பிரித்துக் கொடு. வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நான் சொல்கிறபடி.

எது நல்லது, எது கெட்டது என்று என்னிடம் சொல்லாதே. எல்லா இடங்களையும் கலந்து, வெறும் எண் போட்டு அனுப்பு. நான் ஒவ்வோர் இடத்துக்கும் காலையிலும் சாயங்காலமும் நடந்துபோய்த் தேடுகிறேன். எனக்குத் தெரிந்தால், நல்லது என்று நீ சொன்ன இடத்தில் குனிந்து தேடுவேன். கெட்டது என்ற இடத்தில் நிமிர்ந்து நடப்பேன். வேண்டுமென்று செய்யமாட்டேன். தானாக நடக்கும்.

பரிசு எதுவும் கூடாது. ஒரு டீகூட.

இன்றிலிருந்து உன் டிரைவர்கள் ஒவ்வொரு நடைக்கும் சீட்டு எழுதட்டும். மான் பார்க்காத நடைக்கும். எனக்கு அதிகம் தேவை 'பார்க்கவில்லை' என்ற சீட்டுதான். பார்த்ததை மட்டும் எழுதினால், அந்தச் சாலையில் மான் அதிகமா உன் வண்டி அதிகமா என்று என்னால் சொல்லமுடியாது.

கடைசியாக, நீ யோசித்தாயா என்று தெரியாத ஒரு விஷயம். விலங்கு கடக்கும் சாலை என்று படத்தில் ஏறிவிட்டால், சரக்கு வண்டிகளுக்குப் பொழுது சாய்ந்தது முதல் விடியும்வரை அங்கே தடை. யாருக்கும் விலக்கு இல்லை. உன் வண்டிகள் ஓடுவதே அந்த நேரத்தில்தான். புதிய படம் மழைக்கு முன்னால் அச்சுக்குப் போகிறது. அதை விட்டால் அடுத்த படத்துக்கு வருஷங்கள் ஆகும். அதுவரை வெள்ளை வெள்ளைதான், 'உறங்கியதால்' என்பதும் அப்படியேதான். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு எழுது.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

பதில் ஏன் இவ்வளவு தாமதம் என்று நீ கேட்கமாட்டாய். நானே சொல்கிறேன். தடை என்ற ஒன்று என் புத்தியில் ஏறவே இல்லை. ஊருக்கே கணக்குச் சொல்கிறவன் என் வீட்டுக் கணக்கில் கோட்டைவிட்டேன். கடைக்காரர்களுக்கு ஷட்டர் தூக்கும்போது முட்டை வாசலில் இருக்க வேண்டும். புறவழியை விட்டால் இருக்கும் பழைய சாலை மலையைச் சுற்றிக்கொண்டு போகிறது. நான் தாமதித்தால் அடுத்த வியாபாரி அந்த இடத்தில் நிற்பான்.

'விட்டுவிடு அக்கா' என்று ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அதையும் நீ தெரிந்துகொள்.

பிறகு நத்தையின் மனைவியைப் பார்க்கப் போனேன். தையல் கடையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். நிவாரணத் தொகை எவ்வளவோ அதை நானே கொடுத்துவிடுகிறேன், இந்த அலைச்சலை விட்டுவிடலாம் என்று சொன்னேன். அவர் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"குடுங்கண்ணே, வாங்கிக்கறேன். வேணாம்னு சொல்ற நெலமை எனக்கு இல்ல. ஆனா என் பொண்ணை ஸ்கூல்ல, 'உங்கப்பா தூங்கிட்டாராமே'ன்னு கேக்கிறாங்க. அதுக்கு எவ்வளவு குடுப்பீங்க?"

அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து, நீ எழுதியதையெல்லாம் அவரிடம் சொன்னேன். உன் தடையையும் சொன்னேன்.

பிரிக்கிற வேலை நான் நினைத்ததுபோல் இல்லை. டிரைவர்களை வரிசையாக நிற்கவைத்துக் கேட்டேன். ஒருவனும் ஒத்துக்கொள்ளவில்லை. குடையைத் திருப்பித் தரவேண்டாம், சம்பளத்தில் பிடிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யாத குறை. "எல்லாம் பாத்ததுதான் முதலாளி" என்றார்கள், கடைத்தெரு மானை எழுதியவன் உட்பட. அவர்களுக்கும் தடை விஷயம் காதுக்கு எட்டியிருந்தது. நடை குறைந்தால் படி குறையும். எதைச் சொன்னால் நல்லது என்று தெரியாமல் நின்றார்கள்.

வழி சொன்னது நத்தையின் மனைவிதான். "நான் வண்டில வர்றேண்ணே. ஒவ்வொருத்தரும் என்னை ஒரு நடை கூட்டிட்டுப் போகட்டும். எங்க பாத்தாங்கன்னு எனக்குக் காட்டட்டும்."

அப்படியே நடந்தது. பகல் வெளிச்சத்தில், முன் சீட்டில் அவர். வேறு ஒரு வார்த்தை பேசவில்லையாம். இடம் வந்ததும் "எங்க?" என்று மட்டும் கேட்டாராம். நிஜமாகப் பார்த்தவன் வண்டியை நிறுத்திக் கீழே இறங்கினான். இந்தப் பக்கமிருந்து வந்தது, இந்தக் கல்மேல் கால் வைத்தது, அந்தப் புதருக்குள் போனது என்று கை நீட்டிக் காட்டினான். பார்க்காதவனுக்குக் கால் பிரேக்குக்கே போகவில்லை. "அது குடைங்கக்கா" என்று முன்னால் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டு ஓட்டினான். ஒருவன் குடோன் கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே சொல்லிவிட்டான். ரேடியோ 'குடை' என்று ஒரு வார்த்தை சொன்னதைத் தவிர, போகும்போதும் வரும்போதும் வாயே திறக்கவில்லையாம்.

யாரிடமும் அவர் கோபப்படவில்லை. சொன்னதற்கு நன்றி என்று சொல்லி இறங்கினாராம். அதுதான் தாங்கமுடியவில்லை என்று ஒரு டிரைவர் என்னிடம் வந்து புலம்பினான்.

எது நல்லது என்று சொல்லாதே என நீ எழுதியது என்னைக் குத்தியது. கலப்படக்காரன் என்று நினைக்கிறாளோ என்று குமுறிக்கொண்டிருந்தேன். பிறகு, சரக்கு நிறுக்கும்போது நானே வாங்குகிறவரிடம், "என் மூஞ்சியைப் பார்க்காதீங்க, முள்ளைப் பாருங்க" என்று சொல்கிறவன்தானே என்று தோன்றியது. கோபம் போய்விட்டது. இடங்களைக் கலந்து, எண் போட்டு, இதோடு அனுப்பியிருக்கிறேன். எது எது என்ற விவரம் என் இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

போய் நட.

தம்பி


மே 2

தம்பிக்கு,

நடந்து முடித்துவிட்டேன். எங்கே என்ன கண்டேன் என்று இதில் எழுதவில்லை. அது மூடிய உறையில் துறைத் தலைவரின் மேசைமேல் இருக்கிறது.

அவர் முதலில் சம்மதிக்கவில்லை. "உங்க தம்பி டிரைவருங்க பேச்சை நாம படத்துல ஏத்துறதா? பத்து வருஷமாக் கோடு போட்டு நடந்தது எதுக்கும்மா?" என்றார். கோட்டை விட்டுவிடச் சொல்லவில்லை என்றேன். ஒரு மான் இருந்தால் அதைக் காண எங்கள் ஆட்கள் எத்தனை முறை நடக்கவேண்டியிருக்கிறது என்பது கோட்டினால் எங்களுக்குத் தெரியும். உன் ஆட்கள் எத்தனை நடையில் ஒன்றைக் காண்கிறார்கள் என்பது இனி தெரியும். இரண்டில் எதுவும் தனியாகப் போதாது. ஒன்று நேராகப் பார்க்கிறது, ஆனால் கொஞ்ச இடத்தை. மற்றது எங்கும் பார்க்கிறது, ஆனால் கோணலாக. கோணல் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் அதையும் பயன்படுத்தலாம். இதை அவரிடம் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

உன் டிரைவர்களின் புதுச் சீட்டுகள் வருகின்றன. 'பார்க்கவில்லை', 'பார்க்கவில்லை', 'பார்க்கவில்லை'. ஒருவர் 'பார்க்கவில்லை, மாடு' என்று எழுதியிருக்கிறார். அவர்களை நான் நம்பத் தொடங்கியது அந்தச் சீட்டுகளால்தான்.

வண்டி இறங்கிய பள்ளத்துக்கும் போனேன். இன்னும் முட்டை ஓடுகள் கிடக்கின்றன. எறும்பு அரித்து, வெயிலில் வெளுத்து, மண்ணோடு மண்ணாக. அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அது வேலையில் சேராது. சும்மா நின்றேன்.

இப்போது உன் பெட்டியைத் திற. விவரத்தை எனக்கு அனுப்பாதே. தலைவருக்கு நேராக அனுப்பு. நான் எதிரில் இருக்கும்போது அவர் இரண்டையும் பிரித்து ஒப்பிடட்டும். பொருந்தவில்லை என்றால் படம் பழையபடி அச்சுக்குப் போகும். நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். நீயும் பேசக்கூடாது.

அக்கா


மே 7

அக்கா,

அனுப்பிவிட்டேன். அதற்கு முன்னால் நடந்ததை உனக்குச் சொல்லவேண்டும்.

நேற்று மற்ற முட்டை வியாபாரிகள் மூன்று பேர் குடோனுக்கு வந்தார்கள். ஒருவர் எனக்குத் தொழில் தொடங்கக் கடன் சரக்கு கொடுத்தவர். அவர் பேச்சைத் தட்டமுடியாது என்று தெரிந்துதான் அவரை முன்னால் விட்டிருந்தார்கள்.

"தம்பி, நீ யாருக்கும் எந்தத் துரோகமும் பண்ணவேணாம். அந்தக் காகிதத்துல நல்லதைக் கெட்டதுன்னும் கெட்டதை நல்லதுன்னும் ஒரு நாலு எடத்துல மாத்திவிடு. உங்க அக்காவே வேணாம்னு தள்ளிடுவாங்க. சாலை தெறந்தே இருக்கும். அந்தப் பொண்ணுக்கு நாங்க எல்லாரும் சேந்து பெருசா ஒரு தொகை குடுத்துடறோம்."

எவ்வளவு சுலபம் பார். பேனாவை எடுத்து நாலு எண்ணை மாற்றினால் போதும். உனக்குத் தெரியப்போவதில்லை. பொருந்தவில்லையே என்று நீ உன்னையே நொந்துகொள்வாய், என்னை அல்ல. எனக்குப் பழைய சாலை இல்லை, தாமதம் இல்லை, எந்தக் கடையும் கைவிட்டுப் போகாது. ஒரு வியாபாரியாகச் சொல்கிறேன், அதைவிட லாபமான யோசனையை என்னிடம் இதுவரை யாரும் கொண்டுவந்ததில்லை.

அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். "யோசிக்கிறேன்" என்று அனுப்பிவைத்தேன். அந்தச் சொல்லைச் சொன்னதற்கு வெட்கப்படுகிறேன், ஏனென்றால் நிஜமாகவே யோசித்தேன். பெட்டியைத் திறந்து தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே ரேடியோ அட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தான். புது டிரைவர் ஒருவனுக்குச் சொல்லிக்கொடுப்பது கேட்டது. "பாக்கலைன்னா பாக்கலைன்னு எழுதுறா. அதுல என்ன வெக்கம்? ஒண்ணுமில்லைங்கறதும் கணக்குதான்."

தாளை அப்படியே உறையில் போட்டு ஒட்டினேன். தபால் அலுவலகத்துக்கு நானே போனேன்.

தம்பி


மே 19

தம்பிக்கு,

பொருந்தியது.

முழுக்க அல்ல. நீ நல்லது என்று வைத்திருந்த ஓர் இடத்தில் நான் எதுவும் காணவில்லை. நீ கெட்டது என்று அடித்திருந்த தண்ணீர்த் தொட்டியருகே புதுப் புழுக்கையும் கொம்பு தேய்த்த மரமும் இருந்தன. மற்றதெல்லாம் சொன்னபடி. தலைவர் இந்த இரண்டில் விரல் வைத்து, "இது என்ன?" என்றார். எல்லாமே பொருந்தியிருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன் என்றேன். தலையாட்டினார்.

குவாரிக் குழிக்கு நான்கைந்து சாயங்காலங்கள் போய் வெறுங்கையோடு திரும்பினேன். அதற்குப் பிறகு ஒரு நாள் வந்தன. தாய் ஒன்று, கூடவே வளர்ந்த குட்டி ஒன்று. தண்ணீர் குடித்துவிட்டுச் சாலையைக் கடந்து போயின. நத்தை பார்த்த குட்டிதான் அது என்று நான் சொல்லமாட்டேன். சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை.

படத்தில் இனி இரண்டு பச்சை. எங்கள் கோட்டில் கண்டது அடர்ந்த பச்சை. உன் ஆட்கள் கண்டு, பிறகு நாங்கள் சரிபார்த்தது வெளிர் பச்சை. குவாரிச் சாலை வெளிர் பச்சை. நிவாரண அலுவலகத்தில் 'ஓட்டுநர் உறங்கியதால்' என்பதை அடித்துவிட்டு, 'மான் குறுக்கிட்டதால், அதைக் காப்பாற்ற முயன்றபோது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நகல் அவர் மனைவிக்குப் போகும். மகள் பள்ளிக்கு எடுத்துப்போக இன்னொரு நகல் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

போன வருஷம் நான் அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். குடை உன்னுடையது. மூடிவைத்தது நான்.

தடை அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து. போன் செய். எடுக்கிறேன்.

அக்கா


ஜூன் 3

அக்கா,

போனில் எல்லாம் பேசிவிட்டோம். ஆனாலும் ஒப்புக்கொண்டதை எழுத்தில் வைப்பது என் பழக்கம்.

முதலில் தண்ணீர்த் தொட்டி மான். அது ரேடியோ எழுதியது. "நெசமாத்தான் பாத்தேன் முதலாளி. அந்தக்கா மொகத்தைப் பாத்ததும் எறங்கிக் காட்ட முடியலை. குடைன்னே சொல்லிட்டேன்" என்றான். உன் படத்தில் எப்படி வேண்டுமோ அப்படி வைத்துக்கொள்.

வண்டிகள் முந்தாநாளிலிருந்து மலையைச் சுற்றிப் பழைய சாலையில் போகின்றன. கூடுதல் நேரத்துக்கு டிரைவர்களின் படியை ஏற்றிக் கொடுக்கிறேன். கடைக்காரர்களில் சிலர் வேறு வியாபாரியிடம் போய்விட்டார்கள். அந்த வியாபாரியும் இதே பழைய சாலையில்தான் வரவேண்டும் என்பது அவர்களுக்கு இன்னும் உறைக்கவில்லை. மீதிப் பேரிடம் பேசி முடித்தது: கடை திறந்து ஒரு மணி நேரத்துக்குள் சரக்கு, பழைய விலை, உடைந்தால் என் பொறுப்பு.

சீட்டு எழுதுவது நடைக்கு நடை தொடரும், பார்த்தாலும் பார்க்காவிட்டாலும். பரிசு கிடையாது. மாதம் ஒருமுறை உனக்கு வரும். பருவத்துக்கு ஒருமுறை நீ குடோனுக்கு வந்து, அவர்கள் எழுதியதில் எது படத்தில் ஏறியது, எது ஏறவில்லை, ஏன் என்று அவர்களிடமே சொல்லவேண்டும். இது அவர்கள் வைத்த நிபந்தனை. நான் உன்னைக் கேட்காமல் ஒத்துக்கொண்டேன்.

சீட்டுகளை வாங்கிச் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றாயே. நத்தையின் மனைவி கேட்டார். "நான் வாங்கறேண்ணே. எங்கிட்ட கூட்டியும் சொல்லமாட்டாங்க, கொறைச்சும் சொல்லமாட்டாங்க." தையல் கடையை விட்டுவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து குடோனில் உட்கார்கிறார். நிவாரணத் தொகை தனி, இது தனி. சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். நத்தை என்ன வாங்கினாரோ அதே என்றார். நான் பேரம் பேசவில்லை.

தம்பி